டோர்ச் லைட் மாப்பிள்ளை

முன்னொரு காலத்திலே, கடலுக்கும் வாவிக்கும் நடுவிலே ஒரு ஊர் இருந்ததாம். அந்த ஊரிலே ஒரு புருஷன் இருந்தானாம். அவனுக்குத் தெரியாதது என்று ஒன்றுமே இல்லையாம்.

அந்த முன்னொரு காலம் போன மாரிகாலம். ஊர் தேற்றாத்தீவு. புருஷன் நான். பெயர் ஜசிந்தன்.

அப்படி என்னதான் தெரியும் என்று கேட்பீர்கள். வாவிக்கரையில், இறால் குஞ்சு பொரிக்கிற ஹச்சரி ஒன்றில் எனக்கு வேலை. இருட்டுத் தொட்டிகளில் தாய் இறால்கள் கிடக்கும். அவற்றில் எது முட்டை விட ஆயத்தம் என்று பார்த்துச் சொல்ல வேண்டியவன் நான். பக்கவாட்டில் டோர்ச் அடிப்பேன். முதுகு ஓட்டுக்குள்ளே கரும்பச்சையாய் ஒரு கோடு தெரியும். கோடு மெல்லிசென்றால் விட்டுவிடுவேன். தடித்து அகன்றிருந்தால் தூக்கி அடுத்த தொட்டியில் போடுவேன். தண்ணீரைக் கொஞ்சம் சூடாக்குவேன். விடியும்போது தொட்டி முழுக்க முட்டை. லட்சக்கணக்கில். நான் கைவைத்துப் பிழைபோனது கிடையாது.

வீட்டில்தான் ஒன்றும் இல்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஏற வேண்டியது. நானும் அப்படி ஏறியவன். என் பெஞ்சாதி டினோஷாவின் வீடு. அவள் தாய் மார்கிறட் மாமியின் கண் எட்டும் தூரத்தில் எங்கள் குடித்தனம். வந்து ஏறிய அன்றே மாமி அறைக்குள் கூட்டிப்போய் கூரையின் மேல் வளை மரத்தைக் காட்டினா. "இதிலதான் தம்பி டினோஷாக்குத் தொட்டில் கட்டின. கயிறு தேய்ச்ச தடம் பாருங்க." அந்தத் தடத்துக்கு நேர் கீழேதான் எங்கள் கட்டில். நான்கு வருடமாக அண்ணாந்து படுத்து அதையே பார்க்கிறேன்.

டினோஷா போகாத கிளினிக் இல்லை. இரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். கருக்குழாய்க்குள் மருந்து விட்டுப் படமும் எடுத்தார்கள். அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் நின்றபடியே வந்தாளாம். நான் கூடப் போகவில்லை. தொட்டி கழுவுகிற நாள். எல்லாம் முடிந்த பிறகு டொக்டர் அவளிடம் சொன்னாராம்: "உங்களில ஒரு குறையும் இல்ல. இனி அவரை ஒருக்காக் கூட்டி வாங்க."

அவர் என்றால் நான்.

"மச்சான், வாற கிழமை ஒருக்காப் போவமா?"

"எங்க?"

"உங்கட டெஸ்டுக்கு."

"வாற கிழமை குஞ்சு ஏத்துற கிழமை புள்ள."

"அதுக்கடுத்த கிழமை?"

"தொட்டி கழுவுற."

"அதுக்கங்கால?"

"அப்ப மழை."

மழைக்கும் டெஸ்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை. ஒரு சின்னப் போத்தல், பூட்டிய ஒரு அறை என்று யாரோ சொல்லக் கேட்டதிலிருந்தே அந்தக் கதை வந்தால் நான் வேலைக்குக் கிளம்பிவிடுவேன். போத்தலில் ஒன்றும் இல்லை என்று முடிவு வந்துவிட்டால், மறுகா அந்தத் தடத்துக்குக் கீழே எப்படிப் படுப்பது?

ஆகவே பெரிய தீர்மானம் ஒன்று எடுத்தேன். பிழை என்னிலும் இல்லை, அவளிலும் இல்லை. பிழை நாளில். பெண்ணுக்கு முட்டை வெளிப்படுகிற நாளை உடம்பே காட்டிக் கொடுக்குமாம். அடையாளம் தெரிந்தவன் பார்த்தால் போதுமாம். அடையாளம் பார்ப்பதே தொழிலாக உள்ளவன் வீட்டில் இருக்க, டெஸ்ட் எதற்கு?

ஹச்சரியில், தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்து, ஒரு டொக்டர் அம்மாவின் வீடியோவைப் போனில் பார்த்தேன். கூட வேலை செய்கிற நௌஷாட் எட்டிப் பார்த்தான்.

"என்ன மச்சான், படமா?"

"பாடம்."

"என்ன பாடம்?"

"தாய் றால் பாடம்தான். கொஞ்சம் பெரிய சைஸ்."

டொக்டர் அம்மா அழகாக ஒவ்வொன்றாய்ச் சொன்னார். அடிவயிற்றில் ஒரு பக்கமாக லேசாகக் குத்தும். வெள்ளைபடுவது பச்சை முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி தெளிவாக வழுக்கும், இழுத்தால் நூலாக நீளும். மார்பு நோகும். சிலருக்கு மணங்கள் கூடுதலாகத் தெரியும். விடிய எழும்பு முன் வாயில் தெர்மோமீட்டர் வைத்துப் பார்த்தால் உடம்புச் சூடு ஒரு துளி ஏறியிருக்கும். அந்த இடத்தில் மனேஜர் அழகரத்தினம் வந்துவிட்டார். வீடியோவை அமத்திவிட்டேன். மிச்சம் எதற்கு? சூடு ஏறினால் முட்டை விடும். இது எனக்குப் புதிதா? தொட்டித் தண்ணீரை யார் சூடாக்குவது?

அன்று பின்னேரம் குசினியில் டினோஷாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள்.

"ஹச்சரியில பாக்கிற மாதிரியா பாக்கப் போறீங்க?"

"ஓம். அதே முறைதான்."

"டோர்ச்சோட கிட்ட வந்தீங்களெண்டா கையை முறிப்பன்."

"டோர்ச் வேணாம் புள்ள. தெர்மோமீட்டர்."

கொஞ்ச நேரம் துருவினாள். பிறகு பார்க்காமலே கேட்டாள். "ஏன் மச்சான், அங்க ஆண் றாலைப் பாக்கிறல்லையா?"

"பாக்காம? முதல்ல அதைத்தான் பாக்கிற."

"ஏன் முதல்ல?"

"அதுதான் லேசு. பின்னங்காலடியில வெள்ளையா ஒரு பை வீங்கியிருக்கும். ஒரு பார்வை. முடிஞ்சிது. தாய் றாலைப் பாக்கிறதுதான் கரைச்சல்."

"ம்," என்றாள். அந்த "ம்"மை நான் கவனித்திருக்க வேண்டும்.

அடுத்த நாளே தொடங்கினேன். விடிய அவள் கண் திறக்கு முன் வாயில் தெர்மோமீட்டர். வாயில் அது இருக்கும் மட்டும் அவளால் கதைக்க ஏலாது. எங்கள் கலியாண வாழ்க்கையில் நான் மட்டுமே கதைத்த நேரம் அதுதான். வீட்டில் என்ன திருத்த வேண்டும், ஊரில் யாருக்குப் புத்தி இல்லை என்றெல்லாம் சொல்லுவேன். அவள் அண்ணாந்து வளையைப் பார்த்தபடி கிடப்பாள்.

மாமி ஒருநாள் கதவுச் சந்தால் பார்த்துவிட்டா. காய்ச்சலுக்கென்று உடனே கொத்தமல்லி அவிந்தது. பின்னேரம் ஒழுங்கையில் வீடு வீடாகச் செய்தி: டினோஷாவுக்கு டெங்கு. ஆளுக்கு ஒரு சிரட்டை பப்பாளி இலைச் சாற்றோடு வந்து நின்றார்கள். உண்மையைச் சொல்லாமல் நான் சிரட்டைகளை வாங்கி வாங்கி உள்ளே கொடுத்தேன். வந்தவர்கள் திருப்திக்காக டினோஷா அத்தனையையும் குடித்தாள். அடுத்த நாள் விடியத் தெர்மோமீட்டரைக் காட்டவே எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளைக்கருப் பதம் சரியாக எப்படி இருக்கும் என்று அறிய, குசினியில் ஒரு முட்டையை உடைத்து, இரண்டு விரலுக்கிடையில் வைத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நூல் நன்றாகத்தான் நீண்டது. பின்னால் மாமி.

"தம்பி, முட்டைக்குள்ள என்னத்தைத் தேடுறீங்க?"

"பதம் பாக்கிறன் மாமி."

"அதைப் பொரிச்செல்லா பாக்கிற?"

முதல் மாதம் ஒருநாள் சூடு ஏறியது. துள்ளி எழும்பினேன். நௌஷாட்டுக்குப் போன் போட்டு லீவு சொன்னேன்.

"டினோஷா, இண்டைக்குத்தான் நாள்!"

"மெதுவாக் கதைங்க. அம்மா இருக்கா. அவ பூசைக்குப் போகட்டும்."

"எப்ப போவா?"

"பின்னேரம். அவ போற மட்டும் சும்மா ஏன் இரிக்கீங்க? பின்வேலி விழுந்து கிடக்கு. கட்டுங்க."

கட்டினேன். கம்பிக் கட்டை நட்டு, கிடுகு வரிந்து, கை முழுக்கக் கீறல். மாமி பூசைக்குப் போனா. நான் கட்டிலில் சாய்ந்தேன். கண் திறந்தபோது மாமி பூசை முடிந்து வந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தா.

அடுத்த மாதம் சூடு ஏறிய நாளில் கூரையில் ஓடு மாற்றினேன். அதற்கடுத்த தடவை கிணற்றுக்கட்டு பூசினேன். ஒவ்வொரு தடவையும் மாமி வெளியே போகும் நேரம் பார்த்து எனக்குக் களைப்பில் உயிர் போயிருக்கும். மாரி முடிவதற்குள் வீடு புதுவீடாகிவிட்டது. தண்ணீர் ஒழுகாத கூரை, மாடு நுழையாத வேலி. வளை மட்டும் பழையபடி, தடத்தோடு.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். மாதத்தில் ஒரு நாள் டினோஷாவுக்குக் காரணமில்லாமல் மனம் இளகும். குசினியில் நண்டுக் கறி கொதிக்கும். மாமிக்குக் களுவாஞ்சிக்குடியில் தங்கச்சி வீட்டுக்குப் போக ஆசை வரும். "நைட் டியூட்டிக்குப் போகாதீங்க மச்சான், இடி முழங்கினா எனக்குப் பயம்" என்பாள். வானத்தில் ஒரு முகிலும் இராது. கலியாணம் முடித்த காலம் தொட்டு இப்படித்தான். அதெல்லாம் என் அழகுக்குக் கிடைக்கிற மரியாதை என்று நினைத்திருந்தேன். ஆராய்ச்சியில் அதைச் சேர்க்கவில்லை.

தை மாதம், அவளுடைய சித்தி மகளின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். வழக்கம்போல ஞானத்தாய் டினோஷாதான். இந்த ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அவள் ஞானத்தாய். பாவம், அவளுக்கும் ஒரு பிள்ளையைத் தூக்கக் கிடைக்கட்டும் என்று கூப்பிடுவார்கள். கூப்பிடும்போது அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் போவாள். அன்றைக்குப் பிள்ளை அவளுடைய தோளில் பால் கக்கிவிட்டது. வீட்டுக்கு வந்தும் சட்டையை மாற்றவில்லை. கட்டில் விளிம்பில் இருந்தாள். அடிக்கடி முகத்தைத் திருப்பித் தோளை மோந்து பார்த்தாள்.

நான் ஆராய்ச்சிக்காரன். விடுவேனா?

"மணம் கூடத் தெரியுதா புள்ள? அதுவும் ஒரு அடையாளம்."

"ஓம்," என்றாள். "பால் மணம்."

அந்தச் சட்டையை அவள் தோய்க்கவில்லை. மடித்து அலுமாரியில் வைத்தாள். அன்றிரவு நான் சோற்றைப் போட்டு, அப்படியே மூடி வைத்தேன். ஆனாலும் விடிய எழும்பி தெர்மோமீட்டரை எடுத்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மாசியில் முறையைக் கடுமையாக்கினேன். நண்டுக் கறி ஞாயிறு வந்து போனது. அடுத்த நாள் காலை டினோஷாவே என்னை உட்காரவைத்துச் சொன்னாள்.

"மச்சான், கண்ட கண்ட நாளில கிட்ட வந்து பலத்தை வீணாக்காதீங்க. சூடு ஏறின அண்டைக்கு மட்டும் வாங்க."

"நானும் அதைத்தான் யோசிச்சன்," என்றேன். யோசிக்கவில்லை. ஆனால் நல்ல யோசனையாக இருந்தது.

பாயைச் சுருட்டிக்கொண்டு விறாந்தையில் படுத்தேன். மாமி நாங்கள் கோபம் என்று நினைத்து எங்கள் இரண்டு பேருக்கும் தனித்தனியே புத்தி சொன்னா. ஒவ்வொரு நாளும் விடிய அறைக்குள் போய்ப் பார்ப்பேன். சூடு ஏறவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாள் இன்னும் குறைந்திருந்தது. ஹச்சரித் தண்ணீர்கூட இப்படிக் குளிர்ந்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை, ஹச்சரியில் தொட்டிக்குள் கை விட்டுக்கொண்டு நிற்கும்போது போன் அடித்தது.

"மச்சான், கெதியா வாங்க."

"என்ன?"

"வலப்பக்கம் குத்துது."

"ஆ!"

"வெள்ளைக்கருவும்."

"ஆஆ! மணம்?"

"பக்கத்து வீட்டில கருவாடு பொரிக்கிற மணம் இஞ்ச அடிக்குது."

கையில் இருந்த தாய் இறாலை நௌஷாட்டின் கையில் வைத்துவிட்டு மோட்டர் சைக்கிளில் ஏறினேன். ஒழுங்கை முகப்பில் டினோஷா நின்றாள். நல்ல சீலை. கைப்பை. பின்னால் ஏறிக்கொண்டாள்.

"வீட்ட போறல்லையா?"

"அம்மா இருக்கா. மட்டக்களப்புக்கு விடுங்க."

எனக்கு விளங்கிவிட்டது. கல்லடிக் கடற்கரைப் பக்கம் ஒரு ரூம் எடுத்தால் மாமியின் கரைச்சல் இராது என்று நானே முன்பொருமுறை சொல்லியிருந்தேன். அதை மறக்காமல் வைத்திருக்கிறாள். பொம்பிளை என்றால் இவளல்லவா பொம்பிளை! ஆரையம்பதி தாண்டினேன். காத்தான்குடிச் சன நெரிசலில் ஹோர்ன் அடித்து அடித்துப் போனேன். கல்லடியில் கடற்கரைக்குத் திரும்பப் பார்த்தேன். தோளில் தட்டினாள்.

"நேர போங்க."

பாலம் கடந்தது. பாலத்தின் கீழே வாவி ஆடாமல் அசையாமல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. டவுனுக்குள் ஒரு மாடிக் கட்டடத்தின் முன்னால் நிறுத்தச் சொன்னாள். படி ஏறினோம். மேலே நீட்டுக்குக் கதிரைகள். நாலைந்து ஆம்பிளைகள் நிலத்தைப் பார்த்தபடி இருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"இது என்ன இடம்?"

"போர்ட் இரிக்கு. வாசிங்க."

வாசித்தேன். டெஸ்ட் எடுக்கிற லாப். கிறுகித் திரும்பிப் படியைப் பார்த்தேன். படிக்கும் எனக்கும் நடுவில் டினோஷா நின்றாள்.

"கெதியா வாங்க எண்டியே புள்ள. வலப்பக்கம் குத்துதெண்டியே."

"எனக்கு ஒண்டும் குத்தல்ல."

"வெள்ளைக்கரு?"

"அது போன ஞாயிறு. நண்டுக் கறியோட முடிஞ்சிது."

"நண்டுக் கறி எங்க இதுக்குள்ள வந்த?"

நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் தலையை நிமிர்த்தினார். டினோஷா குரலைத் தாழ்த்தினாள்.

"நண்டுக் கறி ஆக்கின நாளெல்லாம் என்ன நாளெண்டு நினைச்சீங்க? அம்மாவைச் சித்தி வீட்ட அனுப்பினது எதுக்கு? இல்லாத இடிக்குப் பயந்தது எதுக்கு? என்ட உடம்பு மச்சான். எனக்குத் தெரியாதா? கலியாணம் முடிச்ச வருசமே கிளினிக்கில நேர்ஸ் மிஸ் சொல்லித் தந்தவ. நான் ஒரு மாசமும் தவற விடல்ல."

"அப்ப தெர்மோமீட்டர்?"

"சூடு ஏறினா முட்டை போய் முடிஞ்சிதெண்டு அர்த்தம். அந்த வீடியோவைக் கடைசி மட்டும் பாத்திருந்தா அந்த டொக்டரே சொல்லியிருப்பா. உங்கட தொட்டிக்குத்தான் சூடு முன்னுக்கு. எங்களுக்குச் சூடு பின்னுக்கு."

"அப்ப வேலி கட்டின அண்டைக்கு ஏறினது?"

"நீங்க எழும்ப முதல் சுடச் சுட ஒரு பிளேன்டீ."

"ஓடு மாத்தின அண்டைக்கு?"

"பிளேன்டீ."

"கிணத்துக்கட்டு?"

"அண்டைக்குச் சீனியும் போட்ட."

"இந்தக் கிழமை ஏறவே இல்லையே!"

"பானைத் தண்ணி. வாயில வச்சிருந்து துப்பிப்போட்டு வந்து படுத்த."

ஏன் என்று கேட்க வாய் திறந்தேன். கண்ணாடிக்கு அங்கால் இருந்த லாப் மிஸ் முந்திக்கொண்டா.

"ஜசிந்தன் ஆரு? நீங்களா? ரெண்டு மூண்டு நாளாவது விலகி இருந்தீங்களா? இல்லாட்டி இண்டைக்கு எடுக்க ஏலாது."

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். டினோஷா முன்னுக்கு வந்தாள்.

"ஓம் மிஸ். திங்கள் துவக்கம். அவரே பாயைச் சுருட்டிக்கொண்டு விறாந்தையில போய்ப் படுத்தவர்."

"நல்லது," என்றா மிஸ், என்னை மரியாதையாகப் பார்த்து. "இப்பிடி ஒழுங்கா வாறவங்க குறைவு."

சின்னப் போத்தல் ஒன்றை நீட்டினா. வாங்கி, மூடியைத் திறந்து, திரும்ப மூடினேன். டினோஷா அதைப் பார்த்தாள்.

"மச்சான், உங்கட ஹச்சரியில முதல்ல எதைப் பாக்கிற எண்டீங்க?"

நான் போத்தலைப் பார்த்தேன்.

"சொல்லுங்க."

"ஆண் றாலை."

"ஏன்?"

"லேசு."

"ம்," என்றாள். அதே "ம்".

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் இப்போது நிலத்தை இன்னும் ஆழமாகப் பார்த்தார்கள்.

"முடிவு எப்பிடியும் வரட்டும்," என்றாள் மெதுவாக. "பிள்ளை இல்லாட்டிப் பரவாயில்ல எண்டு நான் சொல்ல மாட்டன். எனக்கு அது நோகும். ஆனா என்னத்துக்காக அழுறன் எண்டு தெரிஞ்சுகொண்டு அழோணும். நான் எத்தினை கதவுக்குள்ள தனியப் போய் வந்திரிக்கன். நீங்க ஒண்டுக்குள்ள போங்க."

தெரியாதது ஒன்றுமே இல்லாத புருஷனுக்கு, அந்த நேரம் எந்தக் கதவு என்பதுகூடத் தெரியவில்லை. மிஸ்தான் கையைக் காட்டினா.

டினோஷா கைப்பையைத் திறந்து எதையோ எடுத்து என் மற்றக் கையில் வைத்தாள். பாரமாக இருந்தது. பார்த்தேன். காலையில் தேடிக் கிடைக்காத என்னுடைய ஹச்சரி டோர்ச்.

"உள்ளுக்க லைட் மங்கலாம். கேட்டு வச்சனான்."

"டினோஷா..."

"நான் கீழ நிக்கன்," என்றாள். சீலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள். செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாகக் குறைந்து, கீழே தெருச் சத்தத்தோடு கலந்து, இல்லாமல் போயிற்று.

டோர்ச்சை ஒருக்கா அடித்துப் பார்த்தேன். பற்றரியைக்கூடப் புதிதாகப் போட்டுத்தான் தந்திருந்தாள்.